நிற்க முடியாத உடம்போடு தீம் பார்க்குக்கு

தீம் பார்க்கில் ஒரு ரைடு ஓடுவது மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோதான். அதில் ஏற நிற்பது ஒரு மணி நேரம். கூட்டம் அலைமோதும் நாளில் இரண்டு மணி நேரம். மற்றவர்களுக்கு அது கால் கடுப்போடு போய்விடும். பெருங்குடல் அழற்சி உள்ளவருக்கும், எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறவருக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் மலைப்பு. "கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று வீட்டு மனிதர்களே கேட்டுவிடுவார்கள். பொறுமைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது. தெரிந்து திட்டமிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டிய அவசியமும் வராது.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவை வைத்தே இதை எழுதுகிறேன். 1971-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டும் யுனிவர்சல் பூங்காக்களும் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்கள், ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிற இடம் அது. காத்திருக்க முடியாதவர்களுக்கு என்ன செய்து தர வேண்டும் என்ற வாக்குவாதம் சில ஆண்டுகளாகச் சூடாக நடப்பதும் அங்கேதான்.

குடலுக்குத் தவணை தெரியாது

கிரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டும் குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்குபவை. நல்ல நிலையில் மலக்குடல் பை போல விரிந்துகொடுத்து, நமக்குத் தோதான நேரம் வரும்வரை தேக்கி வைத்திருக்கும். அழற்சி வந்தால் அதன் சுவர் விறைத்துவிடும், விரியாது. கொஞ்சம் மலம் இறங்கினாலே உடனே போயாக வேண்டும் என்ற முட்டல் வரும். அப்போது கிடைக்கும் அவகாசம் சிலருக்கு ஓரிரு நிமிடங்கள்தான். அடக்கிப் பழகு என்று புத்தி சொல்வதில் பயனில்லை. அடக்கி வைக்க உள்ளே இடமே இல்லை.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. காலை வேளையில் அந்த அசைவு இன்னும் கூடுதல். பூங்கா திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், கூட்டம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். குடல் நோயாளிக்கோ வயிறு அதிகம் படுத்துகிற நேரமும் அதுவேதான். அதனால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே எழுந்து, சாப்பிட்டு, வயிறு அடங்கிய பிறகு கிளம்புவது நல்லது. அப்படி முடியாவிட்டால் காலையில் கூட்டம் குறைவு என்ற சலுகையை விட்டுவிட்டு பத்தரை மணிக்கு மேல் போகலாம். ஒரு ரைடு குறைந்தால் குறையட்டும்.

என் அக்கா மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பூங்கா வரைபடத்தைக் கையில் கொடுத்தால் அவள் ரைடுகளைப் பார்க்க மாட்டாள். முதலில் பேனாவால் கழிப்பறைகளை வட்டமிடுவாள். தோள்பையின் முன் ஜிப்பில் ஒரு மாற்று உள்ளாடை, ஈரத்துணித்தாள், கறுப்புப் பிளாஸ்டிக் கவர் இரண்டு, ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கும். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு வரிசையில் அவள் எப்போதும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். நடுவில் மாட்டினால் நூறு பேரை விலக்கிக்கொண்டு பின்னோக்கி வர வேண்டும், ஒவ்வொருவரும் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பயமே வயிற்றைக் கலக்கிவிடும் என்பாள். அவள் சொல்வது சரி. மனப் பதற்றம் குடலின் அசைவைக் கூட்டுகிறது. தேவைப்பட்டால் வெளியே போய்த் திரும்பி வரலாம் என்ற உறுதி கிடைத்துவிட்டால், பல நேரம் வெளியே போக வேண்டிய தேவையே வராமல் போகிறது.

இவர்களில் பலர் செய்கிற ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். ஜூலை மாத ஆர்லாண்டோ வெயில் 33 டிகிரி செல்சியஸ், புழுக்கம் அதற்கு மேல். ஏற்கெனவே வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் இழந்த உடம்பு அதில் துவண்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, வயிற்றுக்கு ஒத்துப்போவதைச் சாப்பிடுங்கள். டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம்; தயிர்சாதம், இட்லி தாராளமாகப் போகும். அங்குள்ள விரைவு உணவுக் கவுன்ட்டர்களில் குளிர்ந்த குடிநீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை, நோய் சீறியிருக்கும் சமயத்தில், குறிப்பாக மலத்தில் ரத்தமோ உடலில் காய்ச்சலோ இருக்கும்போது, நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பெருங்குடல் செயலிழந்து ஆபத்தான அளவுக்கு வீங்கிவிடக்கூடும். பயணத்துக்கு முன்பே இரைப்பை குடல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, அசாதயோப்ரின் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. நீண்டகாலம் எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்து இருந்தால் டிஸ்னியின் முதலுதவி நிலையத்தில் வைத்துத் தருவார்கள். இன்சுலின் எடுப்பவர்களுக்கும் அது உதவும்.

நின்றால் இறங்கும் ரத்தம்

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ளும்; நமக்கு எதுவும் தெரியாது. போட்ஸ் எனப்படும் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தத் தள்ளல் சரியாக நடப்பதில்லை. ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், பதின்வயதினருக்கு 40 அல்லது அதற்கு மேல் கூடும்; ரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாது. தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும், சிலர் மயங்கி விழுவார்கள். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் இதை, வெறும் பயம் என்று தள்ளிவிடுவது இன்றும் நடக்கிறது.

நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் இவர்களுக்குக் கொடுமை. நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே ஏற்றிவிடும். அதனால் வரிசையில் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, முஷ்டியை மடக்கி இறுக்குவது எல்லாம் உதவும். இறுக்கமான கால் உறை, நிறையத் தண்ணீர், மருத்துவர் சம்மதித்தால் கூடுதல் உப்பு. தலை சுற்றினால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். வாடகைச் சக்கர நாற்காலி எடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். காலையில் நடந்தவர் மதியம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் அது நடிப்பு ஆகாது.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றால் எவ்வளவு?

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்போடு, ஒலிபெருக்கியும் வியர்வை நெடியும் மேலே உரசும் கூட்டமும் ஒரே நேரத்தில் தாக்கும்போது பிள்ளை கத்துகிறது, தரையில் புரள்கிறது. அடம் என்று அதட்டினால் இன்னும் முற்றும். கண்ணால் பார்க்கக்கூடிய டைமர், ஒலி குறைக்கும் ஹெட்போன், அன்றைய நாளின் படவரிசை, பழகிய ஒரு பொம்மை ஆகியவை பலருக்குக் கைகொடுக்கின்றன. பிள்ளை உடைந்துபோன பிறகு தேடுவதைவிட, நுழைந்தவுடனே அமைதியான இடம் எது என்று பார்த்து வைத்துவிடுங்கள். டென்னசியின் டாலிவுட் பூங்கா 2016-இலேயே இதற்கென ஓர் அமைதி அறை திறந்தது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 2010-இல் தொடங்கிய மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் ஒருபடி மேலே போய், பூங்கா முழுவதையுமே மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்துக் கட்டியது. அவர்களுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

டிஸ்னி போட்ட கோடு

டிஸ்னியில் முன்பு ஓர் உதவி அட்டை இருந்தது. காட்டினால் மாற்று வாசல் வழியாகப் போகலாம். பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வரிசையைத் தாண்டியதாக 2013-இல் செய்தி வெளியானது. அந்த ஆண்டு அக்டோபரில் அட்டை ஒழிந்து, 'டாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஏற்பாடு வந்தது. இது வரிசையைத் தாண்டும் சீட்டு அன்று. வரிசையில் எவ்வளவு நேரம் ஆகுமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி ஒரு நேரம் தருவார்கள். அதுவரை நிழலிலோ கழிப்பறைப் பக்கமோ இருக்கலாம். காத்திருப்பு அதேதான், இடம் மட்டும் மாறுகிறது. இதைவிட நியாயமான யோசனை எனக்குத் தெரியவில்லை.

2024-இல் இதையும் இறுக்கினார்கள். மே மாதம் ஃப்ளோரிடாவிலும் ஜூனில் கலிஃபோர்னியாவிலும் புது விதி வந்தது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு அல்லது அதை ஒத்த கோளாறு காரணமாக வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் நிற்க இயலாதவர்களுக்கு மட்டுமே 'டாஸ்' என்றார்கள். அதுவரை அதை நம்பிப் போய்க்கொண்டிருந்த கிரோன்ஸ், போட்ஸ் நோயாளிகள் பலர் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். பலர் தவறாகப் பயன்படுத்தியதால் இறுக்க வேண்டியிருந்தது என்பதை ஏற்கலாம். ஆனால் நோயின் வகையை வைத்துக் கோடு போட்டது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஓரிரு நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியவர் ஒரு மணி நேரம் நடுவரிசையில் நிற்க முடியாது. நோய் குடலில் இருக்கிறதா மூளையில் இருக்கிறதா என்பதால் அந்த இயலாமை மாறிவிடாது.

கோட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் வழி உண்டு. குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் வெளியே போய் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். ரைடின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் நுழையும்போதே சொல்லி வைத்துவிட வேண்டும். பாதி வரிசையில் போய்ச் சொன்னால் சிரமம். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிதாக உதவாது என்பது உண்மைதான். காசு கொடுத்து வேக வரிசைச் சீட்டும் வாங்கலாம். 1999-இல் இலவசமாகத் தொடங்கிய வசதி இன்று கட்டணச் சீட்டாக நிற்கிறது. நோயாளி தன் நோய்க்காகத் தண்டம் கட்டுவது போன்றதுதான் இது. யுனிவர்சலில் பயணத்துக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்து அணுகல் அட்டை பெற வேண்டும். அங்கே போய் நின்று கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

நோயின் பெயர் போதாது, சிக்கலைச் சொல்லுங்கள்

டிஸ்னியின் 'டாஸ்' பதிவு வீடியோ அழைப்பில் நடக்கிறது. மருத்துவச் சான்றிதழை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் கேட்கிறார்கள். "எனக்கு கொலைட்டிஸ்" என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. "முன்னறிவிப்பில்லாமல் வரும், இரண்டு நிமிடத்துக்குள் கழிப்பறைக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளில் பல முறை நடக்கும்" என்று சொல்லுங்கள். "15 நிமிடம் அசையாமல் நின்றால் மயங்கி விழுவேன்" என்று சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கூட்டிச் சொல்ல மட்டும் வேண்டாம். பொய் சொன்னது தெரிந்தால் டிஸ்னிக்குள் நிரந்தரமாக நுழைய முடியாமல் தடை போட்டுவிடுவார்கள், உண்மையான நோயாளிகள் மேலும் சந்தேகம் விழும்.

நாள் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம் வேண்டவே வேண்டாம். செப்டம்பரில் அமெரிக்கப் பள்ளிகள் திறந்த பிறகு கூட்டம் குறைகிறது. கோடை மாலைகளில் அங்கே இடி மின்னல் வழக்கம். வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், வரிசை அப்படியே தேங்கும்.

நம் ஊர்ப் பூங்காக்களுக்குப் போவதானாலும் இதே கணக்குதான். வார நாளில் கூட்டம் இருக்காது என்று நம்பி, பள்ளிச் சுற்றுலாப் பருவத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். முன்பே தொலைபேசியில் அழைத்து, அன்றைக்குப் பள்ளிக் குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஆட்டிசம், இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். கிரோன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் வாசலில் பேச்சு சுருங்கும்.

பக்கத்தில் நிற்பவர்களுக்கு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆலி பெய்ன் என்ற 14 வயதுச் சிறுமிக்கு கிரோன்ஸ் நோய். ஒரு கடையில் அவசரமாகக் கழிப்பறை கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவளும் அவள் தாயும் போராடியதில் 2005-இல் அந்த மாநிலம் சட்டமே கொண்டுவந்தது: இத்தகைய நோயாளி கேட்டால், ஊழியர் கழிப்பறையானாலும் கடைக்காரர் திறந்துவிட வேண்டும். பிறகு வேறு பல மாநிலங்களும் அந்த வழியில் வந்தன. லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-இல், கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் அணிய, பச்சையில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துநாடா அறிமுகமானது. இன்று பல நாடுகளில் அதைக் காணலாம்.

உங்கள் வரிசையில் அந்த நாடாவைக் கண்டால் மேலும் கீழும் பார்க்காதீர்கள். நாடா இல்லாமலும் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினால், என்ன ஏது என்று கேட்காமல் வழிவிடுங்கள். அவர் திரும்பி வரும்போதும் வழிவிடுங்கள்.