ஓர் ஆட்டக்காரரும் ஒரு வலையும்



ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது புல்திடலும் வளைந்த மட்டையும் வெள்ளைப் பந்துமே. குளிர் மிகுந்த நாடுகளில் அதே பெயரில் வேறோர் ஆட்டம் உண்டு. அங்கே உறைந்த நீர்தான் திடல். காலணியின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு, பக்கத்துக்கு அறுவராக வழுக்கி விரைந்து ஆடுவார்கள். இதனைப் பனி ஹாக்கி என்பர். அவ்வாட்டத்தில் பெயர் பெற்ற நார்வே நாட்டவர் ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

அதற்கு முன் ஒரு செய்தி. இவ்வாட்டத்தில் பந்து இல்லை. தட்டையான ரப்பர் வில்லைதான் உண்டு. அகலம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறத்தாழ 170 கிராம். இதை வகுப்பில் சொன்னபோது, "ரப்பர் என்றால் துள்ளாதா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பால்மரத்தை அறிந்த வீட்டுப் பிள்ளையின் கேள்வி! துள்ளத்தான் செய்யும். ஆகையால்தான் ரப்பருடன் கந்தகம் முதலியவற்றைச் சேர்த்துச் சூடேற்றி, கல்போல் இறுகச் செய்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து உறையவும் விடுகிறார்கள். ஓங்கி அடித்தால் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கும்.

எஸ்பன் க்னூட்சன் 1972-ஆம் ஆண்டு நார்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் பிறந்தார். 1990-இல் அமெரிக்கக் குழுவொன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு தேர்வான இளைஞர் வரிசையில் அவருக்குக் கிடைத்தது 204-ஆவது இடம். எனவே அழைப்பு உடனே வரவில்லை. ஒஸ்லோவிலும் சுவீடனிலும் ஆடித் திறமையை வளர்த்துக்கொண்டு, 1997-இல்தான் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் காலடி வைத்தார். அனஹைம் நகரக் குழுவில் 19 ஆட்டங்கள் ஆடியபின் சுவீடனுக்கே திரும்பினார். மனம் தளரவில்லை. 2000-ஆம் ஆண்டு அவருடைய குழு சுவீடனின் வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு கொலம்பஸ் நகரின் புதிய குழு அவரை அழைத்துக்கொண்டது.

முதல் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 11. மற்றவர் கோல் அடிக்க வழிசெய்து கொடுத்தவையோ 42! தாமே புகழ் தேடாமல் தோழருக்குக் கொடுத்து ஆடுபவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2002 பிப்ரவரியில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டுமே பங்குகொள்ளும் சிறப்பாட்டத்தில் இடம் பெற்றார். அப்பெருமையைப் பெற்ற முதல் நார்வேக்காரர் அவரே.

அடுத்த மாதமே அந்தத் துயரம் நிகழ்ந்தது. மார்ச் 16 அன்று கொலம்பஸில் அவர் அடித்த வில்லை, எதிரணி வீரரின் மட்டையில் பட்டுத் திசை மாறியது. தடுப்புக் கண்ணாடிக்கு மேலே பறந்து, ஆட்டம் பார்க்க வந்திருந்த 13 வயதுச் சிறுமியின் தலையில் தாக்கியது. சிறுமி தன் காலாலேயே நடந்து முதலுதவி அறைக்குச் சென்றாள். மருத்துவமனையில் மண்டையோட்டில் முறிவு தெரிந்தது. ஆனால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று கிழிந்திருந்தது தெரியவில்லை. இரண்டு நாளில் அவள் உயிர் பிரிந்தது.

க்னூட்சன் மனம் உடைந்து போனார். வேண்டுமென்று செய்ததல்ல, குழந்தையின் குடும்பத்தாரும் அவரைக் குறை கூறவில்லை. எனினும் அந்தப் பாரம் பல ஆண்டுகள் அவரை அழுத்தியது. கழுத்துக் காயத்தால் ஆட்டத்தை விட்டு விலகி, பின்னர் ஒஸ்லோவில் பயிற்றுநரானார். 2010-இல்தான் அச்சிறுமியின் தாயை நேரில் சந்தித்துப் பேசினார்.

பிழை அவருடையதன்று, வில்லை பறக்கும் வழியில் தடுப்பு இல்லாததே பிழை. அந்த ஆண்டு ஜூனில், எல்லா அரங்குகளிலும் இரு கோல்களுக்குப் பின்னாலும் கண்ணாடிக்கு மேலே வலை கட்ட வேண்டும் என்று லீக் ஆணையிட்டது. ஒரு வலை! அது முன்பே இருந்திருந்தால் ஒரு குழந்தை வீடு திரும்பியிருப்பாள். ஒரு நல்ல மனிதரும் அந்தச் சுமையைத் தாங்க நேர்ந்திராது.

பெற்றோர்களே, இதில் நமக்கும் பாடம் உண்டு. தலையில் அடிபட்டவன் நடக்கிறானே, பேசுகிறானே என்று வாளா இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டி வந்த பின்னும் வாந்தி, மயக்கம், ஓயாத தலைவலி, மிகுந்த தூக்கம் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மீண்டும் கொண்டு செல்லுங்கள். செம்பனைக் குலை வெட்டும் இடத்தில் தலைக்கவசம் கனக்கிறது, வியர்க்கிறது என்று கழற்றி வைப்பவர் நம்மிடையே உண்டு. அந்த அரங்கில் இல்லாமற்போன வலையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். காவல் என்பது விபத்துக்கு முன் வரவேண்டியது.