ஆலோசனை அறைக்குள் நுழையும் காவிரி

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுமா என்ற கேள்வி விவசாயிகளுக்கும் நீர்வளத் துறைக்கும் மட்டுமே உரியதன்று. தஞ்சாவூரில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கும் அது தொழில் சார்ந்த கேள்விதான். தண்ணீர் வராத ஆண்டில் தூக்கமின்மை, படபடப்பு, அடக்க முடியாத கோபம் என்று வருபவர்கள், பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் நகைக்கடனுக்கும் குத்தகைப் பாக்கிக்கும் வந்துவிடுவார்கள்.

ஆலோசகர் எந்தச் சாயலும் இல்லாத கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பது ஃபிராய்டு காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் பாடம். வெளியே நடக்கும் அரசியல் அறைக்குள் வரக்கூடாது என்று அதற்குப் பொருள் கொள்வோரும் உண்டு. டெல்டாவில் அது நடைமுறைக்கு ஒத்துவராது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அணை உரிய நாளில் திறக்கப்படவில்லை. 2016-இல் செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சம்பா கருகிய அந்த மாதங்களில் விவசாயிகளின் மரணச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது என்றன விவசாயச் சங்கங்கள். 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்த அரசு, 17 விவசாயிகளின் குடும்பங்களுக்கு மட்டும் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. மற்றவற்றுக்கு முதுமை, நோய், குடும்பப் பிரச்னை என்று காரணங்கள் கூறப்பட்டன.

மரணத்தின் காரணமே அரசியல் வழக்காகிவிட்ட அந்தச் சூழலில், கணவரை இழந்த பெண் ஒருவர் என்னிடம் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). இரண்டு சந்திப்புகளில் வயலைப் பற்றியும் கடனைப் பற்றியும் மட்டுமே பேசினார். மூன்றாவது முறை, "நான் சொல்றத எழுதிக்குவீங்களாம்மா?" என்று கேட்டார். முந்தைய இரவு இருவருக்கும் சண்டை நடந்திருந்தது. அதைச் சொன்னால் 'குடும்பப் பிரச்னை' என்று பதிவாகிவிடும், கிடைக்கக்கூடிய உதவியும் போய்விடும் என்று அஞ்சினார். சொல்லாவிட்டாலோ, தன் வார்த்தைதான் கணவரைக் கொன்றது என்ற எண்ணத்தைத் தனியே சுமக்க வேண்டும். அவருடைய துக்கத்தின் பாதியை அரசாணை ஒன்று வாய்பொத்தி வைத்திருந்தது. கடனும் சண்டையும் இரு வேறு காரணங்கள் அல்ல, கடன்தான் அந்த வீட்டில் சண்டையாகப் பேசியது என்பதை அவர் உணரப் பல வாரங்கள் ஆயின.

நடுநிலை என்ற பெயரில் அங்கே நான் மௌனம் காத்திருந்தால், அவர் என்னையும் அதிகாரிகளின் வரிசையில் சேர்த்திருப்பார். கட்சி பேசுவதும் பயன் தராது. தண்ணீர் வரவில்லை, பயிர் கருகியது என்ற உண்மையை உண்மையென்று ஒப்புக்கொள்வது அரசியல் சார்பு ஆகாது. நோயாளிக்குச் செய்யும் குறைந்தபட்ச நேர்மை அது.

இன்னொரு சிக்கல் ஆலோசகரைப் பற்றியது. நான் ஒருவரை விசாரிக்கும் முன் அவர் என்னை விசாரித்துவிடுவார்: எந்த ஊர், எந்தத் தெரு? தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி இதே நெல் வயல்களின் நடுவில்தான் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குப் பாபநாசம் பக்கத்தில் நிலம் உண்டு. நிலவுடைமையாளர் ஒருவர், நூறு நாள் வேலைத் திட்டத்தால் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று குமுறும்போது, என் அப்பாவின் குரல் கேட்கிறது; தலையசைக்கத் தோன்றுகிறது. அடுத்து வரும் விவசாயத் தொழிலாளிக்கோ அந்தத் திட்டம்தான் கோடையில் அடுப்பெரிய வைத்தது. இருவருக்கும் ஒரே நாற்காலி. யாரிடம் எனக்குப் பொறுமை எளிதாக வருகிறது என்று கவனிப்பது என் வேலையின் ஒரு பகுதி.

இது டெல்டாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஃபனோன், சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கும் சித்திரவதை செய்த காவலர்களுக்கும் சிகிச்சை அளித்தார். 1956-இல் பதவி விலகினார். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போருக்கு நடுவே மருத்துவம் பார்த்து, துயரம் தனிமனிதரோடு நில்லாமல் சமூகத்தையே பீடிப்பதை எழுதினார். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. போராட்டத்துக்குப் போகும் மகனை 'மனநலம் சரியில்லை' என்று அழைத்துவரும் பெற்றோரிடம் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே, என் குறிப்பேட்டில் எதை எழுதுகிறேன், அதை யார் பார்க்க முடியும், எந்தச் சூழலில் சட்டப்படி வெளியிட நேரும் என்பதை விளக்கிவிடுகிறேன். சிலர் அதற்குப் பிறகும் பேசுவதில்லை. ஆனாலும் அடுத்த வாரம் வருகிறார்கள்.