கயிற்றின் நுனியில் ஒரு சாசனம்

மலையேறுவோருக்கென்று செய்யப்பட்ட புதுக் கயிறு ஒன்றைக் கையில் எடுத்து, அதன் இரு நுனிகளையும் இறுகப் பற்றியிருக்கும் சிறு பிளாஸ்டிக் பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்கு மேற்படாத அந்த இடத்தில், வட்டத்துக்குள் 1 என்ற எண்ணும், கயிற்றின் தடிப்பும் நீளமும், சி.இ. என்ற எழுத்துக்களும், அவற்றை அடுத்து நான்கு இலக்க எண் ஒன்றும், ஈ.என். 892 என்ற பிரமாணக் குறிப்பும் நெருக்கி அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். கயிற்றோடு வரும் சிறு ஏட்டிலோ இன்னும் சில எண்கள் இருக்கும்: வீழ்ச்சிகள் 7, மோதுவிசை 8.6 கிலோநியூட்டன், இயங்கு நீட்சி 33 சதவிகிதம் என்பன போல. இவற்றை வாசிக்கும் புதியவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்கள்: இந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும்? அந்தக் கேள்விக்கு மட்டும் இந்தச் சாசனத்தில் விடை கிடையாது. அவ்வாறு விடப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. அந்தக் காரணம் தெளிவாவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1864-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த ஆல்பைன் கிளப், தன் அங்கத்தினர் சிலரைக் குழுவாக நியமித்து, அக்காலத்தில் கடைகளில் விற்ற கயிறுகளைப் பரீட்சை செய்யும்படி பணித்தது. அவர்கள் 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ எடையைக் கயிற்றில் கட்டி, அதைத் திடீரென்று விழச் செய்து, அறுந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மணிலா நாரில் முறுக்கியது முதலான சில கயிறுகளை மட்டும் ஏற்கத்தக்கவை என்று சிபாரிசு செய்தார்கள். கிளப்பின் அங்கீகாரம் பெற்ற கயிற்றைப் போலிகளிலிருந்து பிரித்தறிவதற்காக, பிற்பாடு அதன் புரிகளுக்கிடையே ஒரு சிவப்பு நூலை ஓடவிட்டார்கள். இன்றைய முத்திரைகளுக்கெல்லாம் மூதாதை என்று அந்தச் சிவப்பு நூலைச் சொல்லலாம்.

குழுவின் அறிக்கை வெளிவந்த மறு ஆண்டு, 1865 ஜூலை 14-ஆம் தேதி, எட்வர்டு விம்பர் என்ற ஆங்கிலேயரும் அவருடைய கூட்டாளிகளுமாக எழுவர், அதுவரை எவரும் மிதித்திராத மாட்டர்ஹார்ன் சிகரத்தை அடைந்தார்கள். இறங்கும் வழியில், அனுபவம் குறைந்தவரான ஹாடோ என்ற இளைஞர் கால் இடறி முன்னே சென்ற வழிகாட்டி மிஷேல் குரோவின்மேல் விழ, அவர்களோடு பிணைக்கப்பட்டிருந்த ஹட்ஸனும் பிரான்ஸிஸ் டக்ளஸும் இழுக்கப்பட, டக்ளஸுக்கும் மற்றொரு வழிகாட்டியான மூத்த டௌக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்து, நால்வர் பாதாளத்தில் வீழ்ந்து மாண்டனர். டௌக்வால்டர் தம்மைக் காத்துக்கொள்ளக் கயிற்றை வெட்டிவிட்டார் என்ற பழி எழுந்தது. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. மனத்தை வாட்டும் விவரம் வேறொன்று. அவர்களுடைய மூட்டையில் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று கிளப்பின் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அந்த இடத்தில் கட்டப்பட்டிருந்ததோ மூன்றிலும் மெலிந்த, பழைய கயிறு என்பதை விம்பரே தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

அதன் பின்னர் வெகுகாலம் வரையில் கயிற்றுக்கு வேண்டியது வலிமை ஒன்றே என்ற எண்ணம் நிலவியது. 1950-இல் வாஷிங்டன் அரசாங்கத் தர ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆர்னால்டு வெக்ஸ்லர், அமெரிக்க ஆல்பைன் சஞ்சிகையில் எழுதிய ஒரு கட்டுரையில், வீழ்பவனுடைய சக்தியைக் கயிறு தன் நீட்சியால் உட்கொள்வதைக் கணிதத்தால் விளக்கினார். அந்தக் கணிதத்தின் முடிவு முதற்பார்வைக்கு நம்ப முடியாததாகத் தோன்றும். கயிற்றைப் பிடித்திருக்கும் துணைவருக்கு இரண்டு மீட்டர் மேலே, இடையில் கயிற்றை மாட்டி வைக்கும் எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஏறிய ஒருவர் தவறினால், அவர் நான்கு மீட்டர் விழுகிறார். அந்த வீழ்ச்சியைத் தாங்க இருப்பது இரண்டு மீட்டர் கயிறு. இருபது மீட்டர் கயிறு வெளியில் இருக்கும் நிலையில், கடைசிப் பிடிமானத்துக்கு இரண்டு மீட்டர் மேலே நின்ற மற்றொருவர் தவறினாலும் அதே நான்கு மீட்டர்தான் விழுகிறார். ஆனால் அவரைத் தாங்க இருபது மீட்டர் கயிறும் நீண்டு கொடுக்கிறது. விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் முன்னவருக்கு 2, பின்னவருக்கு 0.2. இந்த வீழ்ச்சி விகிதமே அதிர்ச்சியின் கடுமையை நிர்ணயிக்கிறதேயன்றி, விழுந்த உயரம் தனியாக நிர்ணயிப்பதில்லை. இரும்புச் சங்கிலியில் கட்டிய மனிதன் விழுந்தால் சங்கிலி அறாது, அவன் முதுகெலும்பு முறியும் என்பதை நினைத்தால், நீளாத வலிமையினால் ஒரு பயனும் இல்லை என்பது விளங்கும்.

இந்த உண்மைக்கு வாய்ப்பாக வந்து சேர்ந்தது நைலான். 1953-இல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம், நீண்ட இழைகளாலான உள்ளீட்டின்மேல் பின்னிய உறை ஒன்றைப் போர்த்திய புதுக் கயிற்றைச் செய்தது. இன்று மலைகளில் காணும் கயிறுகள் எல்லாம் இந்த வழி வந்தவையே. 1932-இல் ஷாமோனியில் நிறுவப்பட்ட சர்வதேச மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு 1960 முதல் கருவிகளுக்குப் பிரமாணங்களை வகுக்கத் தொடங்கியது. கிரனோபிளைச் சேர்ந்த பேராசிரியர் தொதெரோ அமைத்த பரிசோதனையே கயிற்றுப் பிரமாணத்துக்கு அஸ்திவாரம்.

அந்தப் பரிசோதனையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஏறத்தாழ 2.8 மீட்டர் நீளமுள்ள கயிற்றின் ஒரு நுனியைச் சிறிதும் நழுவாதபடி உறுதியாகப் பிணைத்து, கொக்கி வளையத்தின் விளிம்பைப் போல் 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்த இரும்புத் துவாரம் ஒன்றின் வழியாக அதைச் செலுத்தி, மறு நுனியில் 80 கிலோ எடையைக் கட்டி, துவாரத்துக்கு மேலே தூக்கி விட்டுவிடுகிறார்கள். எடை 4.8 மீட்டர் தடையின்றி விழுகிறது; விகிதம் 1.7-ஐ ஒட்டி வருகிறது. ஐந்து நிமிஷ இடைவெளியில், அதே கயிற்றின் அதே இடத்தில், அறும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வட்டத்துக்குள் 1 என்று குறித்த ஒற்றைக் கயிறு ஐந்து வீழ்ச்சிகளையேனும் தாங்க வேண்டும். முதல் வீழ்ச்சியின்போது எழும் விசை, அதாவது மோதுவிசை, 12 கிலோநியூட்டனை மீறலாகாது. கயிறு தன் நீளத்தில் 40 சதவிகிதத்துக்கு மேல் நீளலாகாது. பன்னிரண்டு என்ற எல்லை மனித தேகத்தை உத்தேசித்து வைத்தது. அதற்கு அப்பால் 80 கிலோ மனிதர் தம் எடையைப் போல் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட இழுப்பை அனுபவிக்க நேரும்.

ஆகவே ஏட்டில் காணும் "வீழ்ச்சிகள் 7" என்பதை ஏழுமுறை விழலாம், எட்டாவதில் ஆபத்து என்று பொருள்கொள்வது பெரும் பிழை. மலையில் நிகழும் பெரும்பாலான வீழ்ச்சிகள் இந்தப் பரிசோதனையைவிட மிகச் சாந்தமானவை. துணைவரின் உடல் சற்று மேலே எழும்புகிறது, முடிச்சுகள் இறுகுகின்றன, கயிறு அவர் கையாளும் பிடிப்புக் கருவியில் கொஞ்சம் வழுக்குகிறது. என் அபிப்பிராயத்தில் வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது மோதுவிசை. மேலுள்ள பிடிமானம் இருபக்க இழுப்பையும் சுமப்பதால், ஏறுபவர் உணரும் விசையில் ஒன்றரை மடங்குக்கும் மேலாக அதன்மேல் இறங்குகிறது. பனியில் செருகிய திருகாணியோ பாறைப் பிளவில் செருகிய ஆப்போ கழன்று வருமா வராதா என்பது இதைப் பொறுத்தது. மறுபுறம், நீட்சி அதிகமான கயிறு மெத்தென்று பிடிக்குமென்றாலும், பத்து மீட்டர் கயிற்றில் கடுமையாக விழுபவரை மூன்று மீட்டருக்கும் மேலாகக் கீழே கொண்டுபோய் ஒரு பாறைத் திண்ணையில் மோதவும் விட்டுவிடலாம்.

வட்டத்துக்குள் ½ என்றிருந்தால் அது இரட்டையாகக் கொண்டுபோய், பிடிமானங்களில் மாற்றி மாற்றி மாட்ட வேண்டிய கயிறு. அதை 55 கிலோ எடையால் சோதித்து, விசையை 8 கிலோநியூட்டனுக்குள் நிறுத்துகிறார்கள். ஒன்றையொன்று தழுவிய இரு வட்டங்கள் இருந்தால், இரண்டையும் எப்போதும் சேர்த்தே மாட்ட வேண்டும். அவ்விரண்டும் சேர்ந்து பன்னிரண்டு வீழ்ச்சிகளைத் தாங்கியாக வேண்டும்.

பட்டையில் ஈ.என். 1891 என்றும் ஏ அல்லது பி என்றும் இருக்குமானால், அது முற்றிலும் வேறு ஜாதி. குகைகளில் இறங்கவும், மீட்புப் பணிக்கும், உயரத்தில் தொங்கி வேலை செய்யவும் ஏற்பட்ட, அதிகம் நீளாத கயிறு அது. ஏ வகை 22 கிலோநியூட்டன் தாங்கியாக வேண்டும். அதற்கு மட்டும் பாரத்தின் அளவைக் குறித்திருப்பதைக் கண்டு, இதுவே உறுதியானதென்று எண்ணி, முன்னணியில் ஏறுவதற்கு அதை எடுத்துச் செல்வதைப்போல் அபாயகரமான செயல் வேறில்லை.

சாசனம் கூறாத விஷயங்களும் உண்டு. கூரிய பாறை விளிம்பில் உரசினால் கயிறு என்னவாகும் என்பதை இந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை. நல்ல நிலையிலுள்ள கயிறு வீழ்ச்சியின் விசையால் மட்டும் அறுவது மிக அபூர்வமாயிருக்க, விளிம்பே இன்று அதன் பிரதான சத்துருவாக இருக்கிறது. கூட்டமைப்பு விளிம்புப் பரிசோதனை ஒன்றையும் வகுத்துப் பார்த்தது. முடிவுகள் பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் ஒத்துவராமையால் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. நனைந்த நைலான் பலம் குன்றுகிறது. மோட்டார் பாட்டரியின் அமிலம் பட்ட கயிறு, பார்வைக்கு ஒரு மாறுதலுமின்றி, உள்ளுக்குள் இற்றுப்போகிறது. நடுப்பகுதியை அடையாளம் செய்யக் கண்ட மையையெல்லாம் பூசலாகாது என்றும் கூட்டமைப்பு எச்சரித்திருக்கிறது.

ஆதலால் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கயிறு முழுவதையும் விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டு, சாணுக்குச் சாண் வளைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் அது உருண்டையான வளைவாக நிற்கும். உள்ளீடு கெட்ட இடத்தில் சட்டென்று தட்டையாக மடியும். அத்தகைய பழுது நுனிக்கு அருகில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்துவது வழக்கம். ஆனால் வெட்டிய கணமே மற்ற நுனியின் பட்டையிலுள்ள 60 மீட்டர் என்ற எண் பொய்யாகிவிடுகிறது. நடு அடையாளமும் நடுவில் இருப்பதில்லை. அவற்றை நம்பித் தம் தோழரைக் கீழே இறக்கிக்கொண்டிருப்பவரின் கருவியிலிருந்து, தோழர் தரையைத் தொடுவதற்கு முன்பே கயிற்றின் நுனி நழுவிப் போய்விடக்கூடும். புதிய நீளத்தை அளந்து பட்டையில் எழுதி ஒட்டுவதும், ஒவ்வொரு முறையும் துணைவர் பக்கத்து நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பதும் கயிற்றுக்கு உடையவரின் பொறுப்பு.