வீட்டை விற்க போட்டோ எடுக்க எவ்வளவு ஆகும்? சில ஆயிரங்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு!

நங்கநல்லூரில் 25 வருடங்களுக்கு முன் அப்பா வாங்கிய இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் சிங்கப்பூரில், மகள் பெங்களூரில். புரோக்கர் வருகிறார். நின்ற இடத்தில் நின்றபடியே செல்போனில் பத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அன்று மாலையே அவை இணையத்தில் ஏறிவிடுகின்றன. ஹாலில் கொடியில் காயும் துண்டு, சமையல் மேடையில் கவிழ்த்து வைத்த குக்கர், பாத்ரூம் கண்ணாடியில் புரோக்கரின் பாதி உருவம். மகள் போன் போடுகிறாள். "ஏம்ப்பா, இது நம்ம வீடாப்பா?"

இந்த இடத்தில்தான் பல குடும்பங்களில் அந்தப் பேச்சு வரும். "இதுக்குன்னே போட்டோ எடுக்கிறவங்க இருக்காங்களாம்." உடனே அப்பாவின் எதிர்க்கேள்வி: "போட்டோவுக்குப் போய் ஆறாயிரமா?"

அந்த ஆறாயிரத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஊருக்கும் ஆளுக்கும் வீட்டின் அளவுக்கும் தகுந்தபடி தொகை கூடும், குறையும். ஆனால் அது எங்கே போகிறது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். 

கேமரா க்ளிக் ஆகும் நேரம் இதில் சின்னப் பங்கு. இரண்டு படுக்கையறை வீட்டை ஒழுங்காக எடுக்க இரண்டு மணி நேரம் போதும். அதற்குப் பிறகுதான் வேலை. பகலில் நம் ஊர் வீட்டுக்குள் நின்று ஜன்னலைப் பாருங்கள். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே அரை இருட்டு. நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும், கேமரா சமாளிக்காது. ஜன்னல் தெரிந்தால் அறை கறுத்துவிடும், அறை தெரிந்தால் ஜன்னல் வெளுத்துவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் மூன்று, சில நேரம் ஐந்து முறை எடுக்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அவற்றை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். 20 படம் வேண்டுமென்றால் 60 முதல் 100 படம் எடுத்தாக வேண்டும். சாய்ந்த சுவர்களை நிமிர்த்துவது, ட்யூப் லைட்டின் நீலத்தையும் பல்பின் மஞ்சளையும் சரிக்கட்டுவது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் ஓடிவிடும். ஆக, ஆறாயிரம் ரூபாய் என்பது ஒருவரின் முழு நாள் உழைப்பு, அவருடைய கேமரா, லென்ஸ், பெட்ரோல். அவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்தால் 18 சதவிகிதம் சேர்ந்து பில் 7,080 ரூபாய் வரும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஆட்களுக்குப் பொதுவாக இந்தப் பதிவு கட்டாயம் இல்லை. ஆகவே "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு. 70 லட்சம் சொல்லும் வீட்டில், வாங்க வருபவர் ஒரே ஒரு சதவிகிதம் அடித்துப் பேசினால் போவது 70,000 ரூபாய். அந்த வீட்டின் மேல் இன்னும் 20 லட்சம் கடன் 9 சதவிகித வட்டியில் நிற்கிறது என்றால், விற்காமல் கடக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி மட்டும் 15,000 ரூபாய். நல்ல படம் இருந்தால் வீடு விற்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மோசமான படத்தைப் பார்த்து, வீட்டை நேரில் பார்க்காமலேயே விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர் எத்தனை பேர் என்று விற்பவருக்குத் தெரியவே போவதில்லை.

வீடியோ, ட்ரோன்... எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். பேக்கேஜ் என்று எல்லாவற்றையும் கட்டித் தருவார்கள், மயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு ட்ரோன் படம் எதற்கு? அடுத்த கட்டடத்தின் தண்ணீர் டேங்க்தான் தெரியும். தோட்டம், தோப்பு, மனை என்றால் கதை வேறு. எல்லை எது, பாதை எந்தப் பக்கம், கிணறு எங்கே என்பதை மேலிருந்து எடுத்த ஒரு படம் சொல்லிவிடும். ஆனால் விதி தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். 2021-ம் ஆண்டு வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. அந்த நங்கநல்லூர் ஃபிளாட்டை எடுத்துக்கொண்டால், மீனம்பாக்கம் கூப்பிடு தூரம். "சும்மா ரெண்டு நிமிஷம் சார், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீடியோவுக்குக் கட்டணம் கூடுவது நியாயம்தான். ஆடாமல் நடந்து எடுக்கக் கருவி வேண்டும். வெட்டி ஒட்டி, இசை சேர்க்க இன்னும் நேரம் வேண்டும். ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து வாங்க நினைப்பவர் கேட்பது இசை போட்ட வீடியோவை அல்ல. குழாயைத் திறந்து காட்டச் சொல்வார். தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, மொட்டை மாடியில் விரிசல் இருக்கிறதா, தெருவில் கார் திரும்புமா என்று பார்ப்பார். இதற்கு வாட்ஸ்அப் வீடியோ காலே போதும், செலவு இல்லை. வெளிநாட்டுப் பாணியில் சோபாவையும் பூஜாடியையும் அழகாக எடுத்துத் தரும் பல படத்தொகுப்புகளில் சம்ப், போர், ஈ.பி. மீட்டர், துணி உலர்த்தும் இடம், வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் விட்டுப்போகின்றன. நம் ஆட்கள் முதலில் கேட்பதே அதைத்தான். இந்தப் பட்டியலைப் போட்டோகிராபர் கையில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

எது வரை திருத்தலாம்?

காலி அறையில் கம்ப்யூட்டர் மூலம் கட்டிலும் மேசையும் வைத்துக் காட்டுகிறார்கள். 'மாதிரிக்காக' என்று படத்திலேயே எழுதியிருந்தால் தவறில்லை. ஆனால் வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை அழிப்பதும், மேற்கூரையின் ஈரக் கறையை வெள்ளையடிப்பதும் அந்த ரகம் அல்ல. சொத்தில் உள்ள முக்கியக் குறை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். பில்டர்களுக்கு இன்னும் கெடுபிடி. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. விலக நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள்... 20 கிலோமீட்டர் பஸ் ஏறி வந்தவர் வாசலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு பத்திரத்தைக் காட்டினாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

பலர் கவனிக்காத இன்னொன்று, படம் யாருக்குச் சொந்தம் என்பது. எடுத்தவருக்குத்தான் என்று நாம் நினைப்போம். இந்தியாவின் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். அமெரிக்காவில் பொதுவாக இது தலைகீழ். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "செலவை நானே பார்த்துக்கறேன் சார்" என்று புரோக்கர் பணம் கொடுத்தால், உங்கள் வீட்டுப் படங்களின் உரிமை அவர் பக்கம் போய்விடலாம். நாளை வேறு புரோக்கரிடம் மாறும்போது அதே படங்களைத் தர மாட்டேன் என்பார். விற்று முடிந்த பிறகும் ஆள் பிடிக்க அதே படத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். ஆறாயிரம் போனாலும் பரவாயில்லை, பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கட்டும்.

படம் எடுக்கும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை, காசில்லாதது: ஒதுங்க வைப்பது. கிழக்கு பார்த்த வீடென்றால் முகப்பைக் காலையில் எடுக்கச் சொல்லுங்கள். செருப்பு ஸ்டாண்ட், காஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ் மேல் அடுக்கிய மருந்து டப்பா எல்லாம் உள்ளே போகட்டும். பீரோ, பிள்ளைகளின் பள்ளிப் பெயர் தெரியும் சான்றிதழ், வங்கிக் கடிதம் எதுவும் படத்தில் விழக் கூடாது. பார்க்கப்போவது வாங்க வருகிறவர்கள் மட்டும் அல்ல.

சுவரில் மாட்டிய குடும்பப் படங்களையும் கழற்றச் சொல்வார்கள். அம்மாவுக்கு இங்கேதான் முகம் வாடும். மாலை போட்ட மாமனார் படம், கல்யாண போட்டோ, நிலைப்படியில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள்... எல்லாவற்றையும் மறைத்தபிறகு அது யாருடைய வீடோ மாதிரி ஆகிவிடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் போட்டோகிராபரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறார்கள். எதையும் கழற்றுவதற்கு முன்பு, துண்டும் குக்கரும் இருந்த இடத்தில் இருக்க, பத்து நிமிடம் வீட்டை அப்படியே எடுத்துத் தரச் சொல்கிறார்கள். அதற்கு எடிட்டிங் வேண்டியதில்லை. பெரும்பாலும் தனியாகப் பணமும் கேட்க மாட்டார்கள். அந்தப் படங்கள் இணையத்துக்குப் போவதில்லை. பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன.