இலங்கை நெருக்கடி: பசியைப் பற்றி செல்போன் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

‘பணமோ வேறு வழியோ இல்லாததால், சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா?’ உணவுப் பாதுகாப்பின்மையை அளக்க ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 8 கேள்விகள் கேட்கிறது. அதில் முதல் கேள்வி இது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தீர்களா என்பது கடைசிக் கேள்வி. வயிறு காய்வதற்கு ரொம்ப முன்னாடியே நிம்மதி போய்விடுகிறது என்பதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது.

2022-ல் இலங்கையில் நடுத்தர வீடுகளுக்குள்ளும் இந்தக் கவலை நுழைந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்துபோக, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. முந்தைய ஆண்டு ரசாயன உரத்துக்குப் போட்ட தடையால் நெல் விளைச்சல் ஏற்கெனவே அடிவாங்கியிருந்தது. 2021 அக்டோபர் தொடக்கம்வரை 1,500 ரூபாய்க்குள் கிடைத்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது, போன வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் இப்போது 195 ரூபாய். சம்பளம் மட்டும் அப்படி ஏறவில்லை. 10-ல் 3 பேர், அதாவது சுமார் 63 லட்சம் பேர், உணவுப் பாதுகாப்பு இல்லாமல் இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் ஒரு வேளையை விட்டார்கள்.

அந்த நேரத்தில் செல்போனை யாரும் டைம்பாஸ் என்று சொல்லியிருக்க முடியாது. எந்தக் கடைக்கு கேஸ் வந்திருக்கிறது, எங்கே பால்மா (நம்மூர் பால் பவுடர்தான்) கிடைக்கிறது, எந்த பங்க்கில் வரிசை சிறியது என்பதெல்லாம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாகத்தான் பரவின. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. சார்ஜ் போனால் தகவலும் போச்சு.

ஏப்ரல் 3 அன்று அரசு சமூக வலைதளங்களை முடக்கியது. அதிபர் கோத்தபய ராஜபக்சவின் அண்ணன் மகனும் அமைச்சருமான நாமல் ராஜபக்சவே விபிஎன் போட்டு ட்விட்டருக்கு வந்து, இந்தத் தடையால் பிரயோஜனமில்லை என்றார்! அன்றே தடை விலக்கப்பட்டது. அடுத்த வாரம் காலிமுகத்திடலில் கூட்டம் திரண்டது. ‘நம்ம வீட்டில் மட்டும்தான் இப்படியோ’ என்று கூசியவர்களுக்கு, எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று காட்டியதில் செல்போனுக்கும் பங்கு உண்டு. அது மனசுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால், வரிசை தெருவில் நின்றதால்தான் அது போட்டோவில் வந்தது. ‘இன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை’ என்று யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. மற்ற நாட்களில் ஃபீடில் வருவது நிறைந்த தட்டுகள்தான். வேலை போனவரோ, சம்பளம் தள்ளிப்போனவரோ அதைப் பார்க்கும்போது, தான் மட்டும்தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். எவ்வளவு நேரம் ஸ்க்ரோல் செய்கிறார் என்பதைவிட, அங்கே தன்னைப் போல ஒருவரையாவது பார்க்கிறாரா என்பதுதான் முக்கியம்.

2023-ல் இலங்கையில் வரிசைகள் மறைந்தன, பணவீக்கமும் இறங்கியது. விலைகள் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த ஆண்டு ஐ.நா. அமைப்புகள் மறுபடி கணக்கெடுத்தபோதும் சுமார் 39 லட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை. அவர்களைக் காட்ட ஒரு வரிசைகூட அப்போது தெருவில் இல்லை.