இந்த ரோட்டு யாருடையது? கினிகத்தேனைச் சந்தியிலிருந்து ஒரு விளக்கம்

கொழும்பிலிருந்து ஹட்டன் பக்கம் போகிறவர்கள் கினிகத்தேனையில் பஸ்ஸை விட்டு இறங்குவது பெரும்பாலும் ஒரு பிளேன்டீக்காகத்தான். சந்தியில் நிற்கும் திசைப்பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. நாவலப்பிட்டி ஒரு பக்கம், ஹட்டனும் நுவரெலியாவும் இன்னொரு பக்கம், ஏறி வந்த வழியில் கித்துல்கல, அவிசாவளை. ஊர்ப்பெயரை விட வீதியின் எழுத்தும் எண்ணும்தான் மழைக்காலத்தில் உதவும். ரோட்டு உடைந்தால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பது அதில் இருக்கிறது.

கினிகத்தேனை நகரை ஊடறுத்துப் போவது ஏ7. கொழும்பிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் ஏ4 இலிருந்து அவிசாவளையில் பிரிந்து, எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, நுவரெலியாவில் ஏ5 ஐத் தொடுகிறது. நாட்டில் ஏ, பி என்ற எழுத்துக் கொண்ட வீதிகள் எல்லாம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சி, டி வீதிகள் மாகாண சபைக்குரியவை. அதற்கும் கீழே உள்ள ஊர் வீதிகளைப் பிரதேச சபை பார்க்கிறது. தோட்ட ரோட்டுக்கு எழுத்தே கிடையாது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இன்று கொழும்பிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டாகவே இதை நினைக்கிறோம். கோப்பிக் காலத்தில் மலைநாட்டுக்கு வாசல் நாவலப்பிட்டிப் பக்கம்தான் இருந்தது. 1874இல் ரயில் நாவலப்பிட்டியை எட்டியது. டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் காடு வெட்டித் தோட்டம் போட்டவர்களுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். அரிசி மூட்டையும் கருவாடும் மேலே போக, கோப்பி கீழே வர, மாட்டு வண்டிகள் நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனைக் கணவாய் வழியாகத்தான் ஏறி இறங்கின. பிறகு 1884இல் ரயில் ஹட்டனுக்கே போய்விட்டது. அது போட்ட பாதை கலபொட, வட்டவளை வழி. கினிகத்தேனைக்கு ஸ்டேஷன் கிடைக்கவில்லை. வண்டிச் சத்தம் அடங்கிய ஊருக்குப் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுத்தவை பஸ்ஸும் லொறியும்தான். கண்டியைச் சுற்றாமல் ஹட்டனுக்குப் போகலாம் என்பதே ஏ7இன் பலம். பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான நீர்மின் திட்டம் 1950இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்நிலையங்கள் இருக்கும் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போகிற வழியும் இந்தப் பகுதியில்தான் ஏ7 ஐ விட்டுப் பிரிகிறது.

இந்த மலைகளில் கல்லுடைத்து ரோட்டுப் போட்டவர்களில் பெரும் பங்கினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மேஜர் தோமஸ் ஸ்கின்னரின் பெயர் இலங்கை வீதி வரலாற்றில் நிற்கிறது, நிற்கட்டும். சம்மட்டி பிடித்தவர் பெயரில் ஒரு மைல்கல்கூட இல்லை.

வழிப்போக்கருக்கு அறிவித்தல் வைப்பது இங்கே வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமும் அல்ல. கினிகத்தேனைக்கு அருகே அம்பகமுவவில் முதலாம் விஜயபாகுவின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஆளத் தொடங்கிய அந்த மன்னன் சிவனொளிபாதமலை யாத்திரிகருக்குச் செய்த தானங்களை அது பதிந்து வைத்திருக்கிறது. டிசம்பர் போயா முதல் வெசாக் வரை மலையடிவார நல்லதண்ணி நோக்கி விரைகிற சீசன் பஸ்களில் பல இன்றும் கினிகத்தேனையைத் தாண்டித்தான் போகின்றன.

பலகைகளுக்கு வருவோம். வளைவையும் சரிவையும் எச்சரிப்பவை மஞ்சள் நிறச் சாய்சதுரங்கள். கித்துல்கல ஏற்றத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. திசைப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றும் வரும். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் ஏறியது 1987இன் 13ஆம் திருத்தத்தில். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. கினிகத்தேனை அடங்கும் அம்பகமுவப் பிரிவும் அதில் சேரும். ஆகவே இங்கே பலகையில் தமிழ் இருப்பது எவருடைய தயவும் அல்ல. எழுத்து நழுவி, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பலகையைக் கண்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். நிரந்தரப் பலகைகளை விட என்னை உறுத்துவது அவசரத்தில் நட்டுவிட்டுப் போகும் தற்காலிகப் பலகைகள். மண்சரிவு அபாயம் என்பதை ஒருவர் தன் மொழியில் வாசிக்க முடியாமல் போனால் அந்தப் பலகை எதற்கு? பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2019 ஜூலையில் கினிகத்தேனை நகரிலேயே ரோட்டோரக் கடைகள் மண்ணோடு சரிந்தன.

யாரும் கவனிக்காத இன்னொரு குறி மதகுகளில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் ஒரு கோடு போட்டு மேலும் கீழுமாக, அல்லது அருகருகாக, இரண்டு எண்கள். 3/2 என்றால் அந்த வீதியின் மூன்றாம் கிலோமீட்டர்க் கணக்கில் வரும் இரண்டாவது மதகோ பாலமோ என்று பொருள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து “பெரிய முடக்குக்குக் கீழே, கோயில் பக்கத்தில்” என்று விளக்குவதற்குப் பதிலாக, வீதியின் எண்ணையும் மதகின் எண்ணையும் சொன்னால் இடம் தெளிவாகிவிடும்.

இனி தோட்ட ரோட்டு. ஏ7இலிருந்து தொழிலாளர் லயத்துக்கு ஏறும் கற்பாதை வரைபடத்தில் இருந்தாலும் மேலே சொன்ன எந்தப் பட்டியலிலும் பெரும்பாலும் இராது. அது தோட்டக் காணி. 1970களில் அரசு தோட்டங்களைச் சுவீகரித்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்குப் போட்ட தொழிலாளியின் வாசலில் சபையின் ஒரு வண்டிக் கல்லும் கொட்ட முடியாத நிலை. 2018இல் திருத்தம் வந்து அந்தத் தடை நீங்கியது. அனுமதி வந்தது, அதற்கேற்ற நிதி சேர்ந்து வரவில்லை. எனவே லயத்து ரோட்டுக்காக மனு எழுதுகிறவர்கள், அது சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறிவிட்டதா, இன்னும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிர்வாகத்தின் கையில் இருந்தால், மனுவின் ஒரு பிரதி தோட்டத் துரைக்கும் போக வேண்டும்.