கத்திக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்?

போன வருஷம் ட்ரெக்கிங் போனப்போ, 250 ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்கிட்டுப் போனேன். பார்க்க சினிமா கத்தி மாதிரி, முதுகுல ரம்பப் பல் எல்லாம் இருந்துச்சு. அடுப்புக்குச் சுள்ளி சீவும்போது பிடி ஆடி, கத்தி திரும்பி, இடது கட்டைவிரலில் மூணு தையல். ரூமுக்கு வந்து பிடியைக் கழட்டிப் பார்த்தா, உள்ளே போன இரும்பு ஒரு அங்குலம்கூட இல்லை.

"அதான் மச்சான், காசு போட்டு நல்லதா வாங்கணும்" என்றான் ரூம்மேட். அவன் காட்டிய கத்தியின் விலையில் எனக்கு ரெண்டு மாச மெஸ் பில் கட்டிடலாம். அவ்வளவு தேவையா? நாம படிச்ச மெட்டீரியல் சயின்ஸை வச்சே பார்த்துடுவோம்.

மடங்காத கத்திகளில் ரெண்டை எடுத்துக்குவோம். ரெண்டுமே ஸ்வீடன் கம்பெனிகளோடது. மோராக்னிவ் கம்பேனியன் விலை குறைந்தது. ஃபால்க்னிவன் எஃப்1 பல மடங்கு விலை; ஸ்வீடன் விமானப்படை விமானிகளுக்குக் கொடுக்கப்பட்ட கத்தி. ரெண்டுக்கும் வெட்டும் பகுதி சுமார் 10 செ.மீ. தான்.

முதல் வித்தியாசம் தடிமன். கம்பேனியன் 2.5 மி.மீ., எஃப்1 4.5 மி.மீ. வளையாமல் தாங்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அகலம் ஒண்ணா இருந்தா, கிட்டத்தட்ட ஆறு மடங்கு! எஃப்1-ல் இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் போகுது. கம்பேனியனில் பாதி தாண்டி நின்றுவிடும். அதனால விறகைப் பிளக்க எஃப்1 தான் கெட்டி. ஆனா சீவவும் காய் நறுக்கவும் மெல்லிய கத்திதான் சுலபம்.

ரெண்டாவது, ஸ்டீல். ராக்வெல் அளவில் 56-58 இருக்கும் ஸ்டீலைச் சாதாரண சாணைக்கல்லிலேயே தீட்டிடலாம். விலை கூடக் கூட, கூர் அதிக நாள் நிற்கும். ஆனா மழுங்கினா தீட்டுறது கஷ்டம். வனேடியம் கார்பைடு நிறைந்த பவுடர் ஸ்டீல்களுக்கு வைரத்தூள் பதித்த கல்லே வேணும். ஏன்னா அந்தக் கார்பைடு, சாதாரணக் கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம்.

அப்போ நான் வாங்கின கத்தியில் என்ன தப்பு? விலை குறைவு என்பது தப்பில்லை. அது என்ன ஸ்டீல், எப்படி ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாங்க என்று எங்கேயும் இல்லை. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருந்தது. மெஸ் கரண்டியும் அதேதான்!

ஆக, விலை குறைந்தது வேற, மட்டமானது வேற. வாங்கும்முன் மூணு கேள்வி: ஸ்டீலின் பெயர் சொல்லியிருக்காங்களா? பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகுது? உறையில் ஆடாமல் உட்காருதா? மூணுக்கும் பதில் சரின்னா, வருஷத்துக்கு ரெண்டு ட்ரெக் போகும் நமக்கு விலை குறைந்ததே போதும். கார்பன் ஸ்டீலா இருந்தா, துடைச்சு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வைங்க, துரு பிடிக்காது. பல நாள் ஆளில்லாத காட்டில், அந்த ஒரு கத்தியை மட்டும் நம்பி இருக்கப் போறவங்களுக்குத்தான் விலை உயர்ந்ததில் அர்த்தம் இருக்கு.

மிச்சக் காசில் ஒரு சாணைக்கல்லும் முதலுதவிப் பெட்டியும் வாங்கிக்கோங்க. அந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம்னு என் கட்டைவிரலுக்குத் தெரியும்.